ஐயாற்றில் இரண்டு கட்சி – 5: அண்ணன் பந்தல், தம்பி பந்தல்

சென்ற வாரம் 1903-ல் நிறுத்தியிருந்தோம். திருவையாற்றில், காவிரியின் வடகரையில், கேட்பாரற்றுச் சிதைந்து கிடந்தது ஒரு சமாதி. உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் என்ற இரண்டு முதியவர்கள் தேடி வந்து அதைச் செப்பனிட்டார்கள். அடையாளத்துக்கு ஒரு கல்லும் பதித்தார்கள். தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6-ஆம் தேதி. அவரிடம் நேரில் பாடம் கேட்ட தலைமுறையில் மிஞ்சியிருந்த சிலரில் அவர்கள் இருவர்.

கல் பதித்தாயிற்று. இனி ஆண்டுதோறும் அங்கே விளக்கேற்றப் போவது யார்?

இதற்கு ஒரே பதில் வந்திருந்தால் இந்தத் தொடருக்கே வேலையில்லை. இரண்டு பதில் வந்தது.

◆

கட்சி கட்டிப் பழகிய ஊர்

அந்தப் பதில்களுக்குப் போகுமுன் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருவையாற்றுக்காரர்களுக்குப் பாட்டு கேட்பது என்றால் பக்கம் சேர்வதும் சேர்த்துத்தான்.

1903-க்கு முந்தைய தலைமுறையில் இந்த ஊரில் இரண்டு சிங்கங்கள் இருந்தன. ஒருவர் மகா வைத்தியநாதையர். இன்னொருவர் பட்டணம் சுப்பிரமணிய ஐயர். இருவரும் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரின் மாணவர்கள், அந்த வழியில் தியாகராஜருக்குப் பேரன் முறை. குரு ஒருவர், ஊர் ஒன்று. குரல் மட்டும் எதிரெதிர்.

மகா வைத்தியநாதையருக்கு மூன்று ஸ்தாயியும் தங்குதடையில்லாமல் ஓடும் குரல். 1856-ல், பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக, கல்லிடைக்குறிச்சியில் வித்வான்கள் கூடிய சபையில் பாடி ‘மகா’ என்ற பட்டத்தோடு திரும்பியவர். பட்டணத்தாருக்கோ கனத்த சாரீரம். எளிதில் வளையாது. சாதகம் செய்து செய்து அதைத் தன் வழிக்குக் கொண்டுவந்தவர் அவர். பேகடையை எடுத்தார் என்றால் அவருக்கு எதிரில் ஆள் இல்லை. ‘பேகடை சுப்பிரமணிய ஐயர்’ என்ற பெயரே நிலைத்தது.

பிறவிக் குரல் பெரிதா, உழைத்த குரல் பெரிதா? திண்ணையில் உட்கார்ந்து விடிய விடியப் பேச இதைவிட என்ன வேண்டும்? ஒருவர் 1893-லும் மற்றவர் 1902-லும் போய்ச் சேர்ந்தார்கள். பேச்சு போய்ச் சேரவில்லை.

திண்ணைக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் கோயில் திருவிழாவில் வந்தது. டெல்டாவில் சுவாமி புறப்பாடு என்றால் இரவு முழுக்க நாயனம். ஒரே உற்சவத்துக்கு இரண்டு மூன்று மேளம் வந்திறங்கும். எந்த நாயனத்துக்கு எந்தத் தவில் என்பதில்தான் பாதி விவாதம். செம்பொன்னார்கோயில் ராமசாமிப் பிள்ளை ரக்தி வாசிக்கிறார் என்றால், அந்தக் கணக்கைத் தாங்கிப் பிடிக்கும் கை யாருடையது என்று விவசாயி கேட்பான். பண்ணையாரும் அதையேதான் கேட்பார். ராகத்தின் பெயர் தெரியாதவனுக்கும் தவிலில் சொல் தவறினால் தெரியும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு மகானுக்கு நினைவு விழா எடுத்தால், அது எத்தனை நாள் ஒரே விழாவாக இருக்கும்?

◆

ஒரு பஞ்சமி, இரண்டு பந்தல்

திருவையாற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஊர் தில்லைஸ்தானம். அங்கே ராமய்யங்கார் என்று தியாகராஜரின் நேர்ச்சீடர் ஒருவர் இருந்தார். அவருடைய பாடாந்தரத்தில் வந்தவர்கள் நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் என்ற அண்ணன் தம்பி.

அண்ணன் நரசிம்ம பாகவதர் சாமானியப்பட்டவர் அல்ல. ஏட்டிலும் நினைவிலும் சிதறிக் கிடந்த தியாகராஜ கீர்த்தனைகளைச் சேர்த்து 1908-ல் தெலுங்கு எழுத்தில் புத்தகமாக அச்சிட்டவர். இன்று ஒரு கீர்த்தனைக்குப் பாடபேதம் பார்க்க உட்காருகிறவர் எவராயினும் அவருக்குக் கடன்பட்டவரே.

அந்த ஆண்டுகளில்தான் சகோதரர்கள் இருவரும் சேர்ந்து ஆராதனையை ஆண்டு விழாவாக எடுத்தார்கள். புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது தியாகராஜரின் திதி. உஞ்சவிருத்தி, பஜனை, பூசை, அன்னதானம், பிறகு வித்வான்களின் பாட்டு. பாடுகிறவர்களுக்குச் சம்பாவனை கிடையாது. பாட்டே காணிக்கை.

காலமும் வாய்த்தது. அந்தத் திதி பெரும்பாலும் ஜனவரியில், சம்பா அறுவடையை ஒட்டி வரும். களத்தில் நெல், மிராசுதார் மனத்தில் தாராளம். ஒருவர் அரிசி மூட்டை அனுப்பினால் இன்னொருவர் வாழையிலைக் கட்டு அனுப்புவார். தஞ்சாவூர் வரை ரயில், அங்கிருந்து வண்டி. வித்வான்கள் வந்து சேர்ந்தார்கள். கூட்டமும் வந்தது.

கூட்டம் வந்த பிறகுதான் தொல்லை.

ஒரு சமாதியில் இரண்டு பேர் கற்பூரம் காட்டுவதில் தகராறு வராது. ஊர்ப்பணம் சேர்ந்து, ஊரெல்லாம் சாப்பிட்டு, பெயர்பெற்ற வித்வான்கள் முன்னும் பின்னும் பாட வேண்டிய விழாவானால், யார் சொல் செல்லும் என்ற கேள்வி முதல் நாளே எழும். முதலில் யார் பாடுவது, கடைசியில் யார் பாடுவது, வசூல் யார் கையில். அண்ணன் தம்பி பிரிந்தார்கள்.

அண்ணன் பக்கம் பெரிய கட்சி ஆயிற்று. தம்பி பக்கம் சின்னக் கட்சி.

இங்கே கொஞ்சம் நிற்போம். சகோதரச் சண்டை டெல்டாவுக்குப் புதிதல்ல. வாய்க்கால் வரப்புக்காக முப்பது வருஷம் முன்சீப் கோர்ட்டுக்கு நடந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்தச் சண்டைகளெல்லாம் அந்த மனிதர்களோடு முடிந்தன. இது முடியவில்லை. ஏன்?

என் கணிப்பில், காரணம் சண்டை அல்ல. சண்டைக்குப் பின் வந்த ஏற்பாடு. ஒரு கட்சியின் விழா பஞ்சமிக்கு முன் தொடங்கிப் பஞ்சமியில் முடியும். மற்றதன் விழா பஞ்சமியில் தொடங்கி அதன் பிறகும் நடக்கும். நாளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். திதியை மட்டும் இருவரும் விடவில்லை.

எவ்வளவு சாமர்த்தியமான ஏற்பாடு! அடிதடி இல்லை, போலீஸ் இல்லை. ரசிகனுக்கு ஐந்து நாள் சாப்பாட்டுக்குப் பதில் ஒன்பது நாள் சாப்பாடு. அதனாலேயே சமாதானத்துக்கு யாருக்கும் அவசரம் இல்லாமல் போயிற்று. கோபமாக இருந்தது வழக்கமாகிவிட்டது. அண்ணனும் தம்பியும் ஒதுங்கி, வேறு கைகளுக்கு விழா மாறியபோதும் இரண்டு பந்தலும் நின்றன.

◆

பக்கவாத்தியம் யார்?

பெரிய கட்சியின் முன்னணியில் பிறகு சூலமங்கலம் வைத்தியநாத பாகவதர் போன்ற ஹரிகதை வல்லவர்கள் வந்தார்கள். சின்னக் கட்சிக்கு வந்து வாய்த்தவர் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை. திருச்சிக்காரர், பிடில் வித்வான். அன்றைக்குப் பிடில் என்றால் முதலில் சொல்லப்பட்ட பெயர்களில் ஒன்று அவருடையது. ஊர் ஊராக வாசித்துப் பேர் வாங்கிய மனிதர், ஆண்டுக்கு ஒரு தடவை விழா நடத்துகிறவராக மாறித் திருவையாற்றில் வந்து நின்றார்.

அவர் வந்ததும் ஆட்டத்தின் நிறம் மாறிவிட்டது. சின்னக் கட்சி இனி வெறும் தம்பி பாகவதரின் கோபமல்ல. அதற்கு ஒரு நாயகன் கிடைத்துவிட்டான்.

இன்றைய வாசகருக்கு இந்தப் பரபரப்பு புரிய வேண்டுமானால் விளையாட்டு மைதானத்துக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் ஒஹையோ ஸ்டேட், மிச்சிகன் என்ற இரண்டு பல்கலைக்கழகங்கள் 1897-ல் முதன்முதலாகக் கால்பந்தில் மோதின. அவர்களுடைய கால்பந்து பெரும்பாலும் கையால் ஆடுவது, அது வேறு கதை. இன்றும் அந்த ஆட்டத்துக்கு முன்னால் ‘குவார்ட்டர்பேக்’ இடத்தில் யாரை நிறுத்துவது என்று ஊர் இரண்டுபடும். பந்தைப் பெற்று யாருக்கு எறிவது என்று தீர்மானிக்கிறவன் அவன்தான். நம் பக்கத்திலேயே, கடலுக்கு அந்தப் புறம் யாழ்ப்பாணத்தில், மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904-ல் கிரிக்கெட்டில் மோதத் தொடங்கின. ‘வடக்கின் பெரும்போர்’ என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. அணியில் யார், தலைவன் யார் என்று பழைய மாணவர்கள் மாதக்கணக்கில் அடித்துக்கொள்வார்கள்.

அதே ஆண்டுகளில் தஞ்சாவூர் ஜில்லாவில் அந்தக் காய்ச்சல் பிடித்தது பாட்டுக் கச்சேரிக்கு. இங்கே கேள்வி, பாடகருக்குப் பக்கத்தில் யாரை உட்காரவைப்பது என்பது.

சாதாரணக் கேள்வி என்று நினைக்கக் கூடாது. ஒலிபெருக்கி இல்லாத காலம். பந்தலின் கடைசி வரிசைக்குக் குரல் போக வேண்டும்; அதற்கு ஈடுகொடுத்துப் பிடில் போக வேண்டும்; இரண்டையும் அமுக்காமல் மிருதங்கம் பேச வேண்டும். பல்லவியில் பாடகர் ஒரு கணக்கைப் போட்டால் மிருதங்கக்காரர் அதை அடுத்த ஆவர்த்தத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். தவறினால் அவமானம் பாடகருக்கு. பக்கவாத்தியம் பலமாக இருந்து பாடகர் தளர்ந்தால் கச்சேரியே அவர் கையை விட்டுப் போகும்.

எனவே வாதம். பிடிலில் திருக்கோடிகாவல் கிருஷ்ணையர் வாசித்ததைக் கேட்ட பெரியவர்கள், 1913-ல் அவர் மறைந்த பிறகு அந்த வில் அவரோடு போயிற்று என்பார்கள். இளைய கூட்டம் கோவிந்தசாமிப் பிள்ளையைக் காட்டும். தாளத்தில் இன்னும் சூடு. தஞ்சாவூர்ப் பாணி ஒரு பக்கம். மறுபக்கம் கஞ்சிராவைக் கச்சேரிக்குள் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையின் புதுக்கோட்டைப் பாணி, அதன் வாரிசாகத் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. மிருதங்கம் குரலைத் தொட்டுக்கொண்டு போக வேண்டுமா, கணக்கில் எதிர்த்து நிற்க வேண்டுமா?

காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளை இந்தக் கேள்விக்கு ஒரே அடியாகப் பதில் சொன்னார். யாரை விடுவது என்ற பேச்சே வேண்டாம், எல்லோரும் வரட்டும். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறைய ஆட்களை உட்காரவைத்து அவர் பாடிய கச்சேரிக்கு ‘ஃபுல் பெஞ்ச்’ என்று பெயர். ஹைகோர்ட்டிலிருந்து ரசிகர்கள் எடுத்த பெயர். வழக்காடித் தீர்க்க வேண்டிய விஷயம் என்றுதான் அவர்கள் சங்கீதத்தைப் பார்த்தார்கள்.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிடுகிறேன். இன்று திருவையாறு என்றதும் நமக்கு நினைவு வருவது நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரே குரலில் பஞ்சரத்தினம் பாடும் காட்சி. நாம் பேசுகிற காலத்தில் அது கிடையாது. அந்தக் கூட்டுப்பாட்டுக்கு 1941 வர வேண்டும். அதற்கு இந்தத் தொடரில் இன்னும் பல வாரம் இருக்கிறது.

◆

பிளவுக்குள் இன்னொரு பிளவு

பிடிலும் மிருதங்கமும் மட்டுமே காரணம் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது.

கோவிந்தசாமிப் பிள்ளை வந்த பிறகு சின்னக் கட்சியைச் சுற்றி இசை வேளாளர் வித்வான்கள் சேர்ந்தார்கள். பெரிய கட்சி பெரும்பாலும் பிராமண பாகவதர்களின் இடமாயிற்று. கோடு கத்தியால் வெட்டியதுபோல் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். தம்பி கட்சியைத் தொடங்கியவரே பிராமணர்தானே. ஆனால் காலம் அந்தக் கோட்டை அழுத்திப் போட்டது. 1916-ல் சென்னையில் பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. 1920 இறுதியில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. யாரோடு யார் பந்தியில் உட்காருவது என்பது சேரன்மாதேவி குருகுலத்தில் வெடித்துக் காங்கிரசையே உலுக்கியது. திருவையாற்றுப் பந்தலில் இலை போடும்போதும் அந்தக் காற்று அடிக்காமலா இருந்திருக்கும்?

இத்தனை வித்தியாசம் இருந்த இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாக நின்றன.

பெண்கள் பாடக் கூடாது.

பெரிய கட்சிப் பந்தலிலும் கூடாது. சின்னக் கட்சிப் பந்தலிலும் கூடாது. அந்த நாளில் சபையேறிப் பாடிய பெண்களில் பெரும்பாலோர் தேவதாசி மரபினர். அவர்களை உட்காரவைத்தால் விழாவின் மதிப்புக் குறையும் என்பது இரு தரப்பின் வாதம். இத்தனைக்கும் தியாகராஜர் கீர்த்தனைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தவர்களில் அவர்களும் உண்டு. நாயனக்காரர்களுக்கும் அரை இடம்தான். வீதியில் வாசிக்கலாம், பூசைக்கு வாசிக்கலாம். பாடகருக்குச் சமமாக மேடையில் உட்கார முடியாது.

இங்கிருந்து ஆறேழு மைல் தள்ளி, அதே காலத்தில், தஞ்சாவூரில் நடந்ததைப் பாருங்கள். ஆபிரகாம் பண்டிதர் 1912-லிருந்து தன் சொந்தச் செலவில் சங்கீத மாநாடுகள் கூட்டிக்கொண்டிருந்தார். 1916-ல் பரோடாவில் அகில இந்திய மாநாடு நடந்தபோது, சுருதி பற்றிய அவருடைய ஆராய்ச்சியை அங்கே கூடியிருந்த பண்டிதர்கள் முன் வீணையிலும் குரலிலும் காட்டியவர்கள் அவருடைய மகள்கள். தஞ்சைப் பெண்கள் பரோடாவில் பாடலாம். திருவையாற்றில் பாட முடியாது.

◆

ஒரு கடிதம்

இரண்டு கட்சியும் இப்படி ஆண்டுக்கு ஒன்பது நாள் மும்முரமாக இருந்ததே, மீதி நாளில் சமாதி எப்படி இருந்தது?

1921. மைசூர் வித்வான் பிடாரம் கிருஷ்ணப்பா திருவையாற்றுக்கு வந்தார். கண்டதை நம்ப முடியவில்லை அவருக்கு. பந்தல் போட இரண்டு கட்சி இருந்தது; சமாதியைப் பெருக்க ஒருவரும் இல்லை. மீண்டும் பாழடைந்து கிடந்தது. மனம் பொறுக்காமல் சென்னையிலிருந்த தன் சிஷ்யை ஒருவருக்குக் கடிதம் எழுதினார்.

கடிதம் போய்ச் சேர்ந்தது பெங்களூர் நாகரத்தினம்மாள் கைக்கு.

அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. சென்னைக் கச்சேரி மேடைகளில் உச்சத்தில் இருந்த பாடகி. தேவதாசி. அதை ஒளித்து வைக்காத தேவதாசி. தெலுங்கும் சமஸ்கிருதமும் கரைத்துக் குடித்தவர். அவருடைய துணிச்சலுக்கு ஓர் உதாரணம் போதும். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரண்மனையில், பிரதாபசிம்மர் காலத்தில் இருந்த முத்துபழனி என்ற தாசி ஒரு சிருங்கார காவியம் பாடியிருந்தாள்: ராதிகா சாந்த்வனமு. அதைக் கந்துகூரி வீரேசலிங்கம் ஆபாசம் என்று இகழ்ந்திருந்தார். ஆந்திர நாடே கையெடுத்துக் கும்பிட்ட சீர்திருத்தவாதி அவர். நாகரத்தினம்மாள் 1910-ல் அந்தக் காவியத்தை முழுமையாகப் பதிப்பித்து, முன்னுரையில் வீரேசலிங்கத்தையே கேள்வி கேட்டார். அரசாங்கம் புத்தகத்தைத் தடை செய்தது. அவர் அசரவில்லை.

கடிதம் வந்தது. தியாகராஜர் கனவிலும் வந்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார். நகைகளை விற்றார். திருவையாற்றுக்கு வந்து நிலத்தை விலைக்கு வாங்கினார். 1921 அக்டோபரில் கால்கோள். சமாதி மேல் கோயில் எழும்பியது, விக்கிரகம் வந்தது, சில ஆண்டுகளில் கும்பாபிஷேகமும் முடிந்தது.

பெரிய கட்சி தடுக்கவில்லை. சின்னக் கட்சியும் தடுக்கவில்லை. யார் செலவிலோ கோயில் வருகிறது, வரட்டுமே. அடுத்த பஞ்சமிக்கு வழக்கம்போல் இரு கட்சிகளும் வந்தன. பந்தல் போட்டன. பக்கவாத்தியம் யார் என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். கோயில் மட்டும் புதியது.

அப்போது நாகரத்தினம்மாள் கேட்டார். பெரிதாக ஒன்றுமில்லை. தான் கட்டிய கோயிலில், தன் தெய்வத்தின் முன்னால், ஆராதனை நாளில் தானும் உட்கார்ந்து பாட வேண்டும்.

பெரிய கட்சி முடியாது என்றது. சின்னக் கட்சியும் முடியாது என்றது. பிரிந்த நாளிலிருந்து எந்தக் கேள்விக்கும் இவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் பதில் சொன்னதில்லை.

விழா அவர்கள் கையில். நிலமும் கோயிலும் இந்த அம்மாள் கையில். 1927-ஆம் ஆண்டின் ஆராதனை நெருங்குகிறது. இரண்டு கட்சியில் ஒன்றை உடைத்து அவர் உள்ளே நுழையப் போகிறாரா, இரண்டுக்கும் வாசலை அடைக்கப் போகிறாரா, அல்லது இருவருமே எதிர்பாராத வேறு எதையாவது செய்யப் போகிறாரா?

(தொடரும்)